ரிசல்ட் பேப்பர்

"இந்த டிரங்குப் பெட்டிய எடுத்தாத்தான் உண்டு," என்றார் ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்திருந்த அற்புதசாமி. கையை விரித்து ஹாலை இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டார். "பாக்ஸே ஏழடி. சுத்தி நாலு பேர் நிக்கணும். இங்க நான் நிக்கவே எடமில்லையேம்மா."

சுபலட்சுமி புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். விடிகாலை ஐந்தேகாலுக்கு உயிர் போயிருந்தது. தம்பி மனைவி பானுமதி அங்கேயே நின்று பேப்பர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க, சுபலட்சுமியும் தம்பி ரஞ்சித்தும் வீட்டை ஒழிக்க ஓடி வந்திருந்தார்கள். ஆட்டோவில் வரும்போது இரண்டு பேரும் அழுதார்கள். மாம்பழச் சாலையில் இறங்கி, சந்துக்குள் நடந்து, கதவைத் திறந்து ஹாலைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

அப்பா இருந்தவரை அம்மாவின் சாமான்கள் பரணோடு நின்றன. அவர் போன ஒன்பது வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்துவிட்டன. மண்ணெண்ணெய் ஸ்டவ், மூடி இல்லாத ஹார்லிக்ஸ் பாட்டில்கள், திரி போன அரிக்கேன் விளக்கு, அப்பா கண்டக்டராக இருந்தபோது தோளில் மாட்டிய தோல்பை, சாமி படம் போட்ட காலண்டர்கள், கயிறு கட்டிய பேப்பர் கட்டுகள். ஒரு பேப்பரைக்கூட அம்மா எடைக்குப் போட விட்டதில்லை. சுண்டல் மடித்து வந்த காகிதத்தையும் பிரித்து, கையால் நீவி, முன்னும் பின்னும் படித்த பிறகுதான் வைப்பாள்.

"எல்லாத்தையும் கொல்லையில போட்டுடறேன்க்கா," என்று ரஞ்சித் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனான். தூசியில் இருமினான். ஜன்னலுக்குக் கீழே இருந்த பச்சை டிரங்குப் பெட்டியை மட்டும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியவில்லை.

"உள்ள இருக்கறத எடுத்துட்டு நகத்துவோம்," என்றான். "அப்படியே ஆதார் இருக்கான்னு பாரு. கொள்ளிடக்கரை சுடுகாட்டுல ஒரிஜினல் கேப்பாங்களாம்."

சாவி அம்மாவின் பர்ஸில் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் நாப்தலின் வாசனையும் பித்தளை வாசனையும் சேர்ந்து வந்தன. ஆதார், ரேஷன் கார்டு, அப்பாவின் பென்ஷன் புத்தகம் எல்லாம் மேலேயே ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. அதை ரஞ்சித்திடம் கொடுத்துவிட்டுப் பாத்திரங்களை எடுக்க ஆரம்பித்தாள். ஒரு குடம், இரண்டு சொம்பு, குத்துவிளக்கு, தாம்பாளம். அம்மாவுக்கு முசிறியிலிருந்து வந்த சீர். குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'வேலம்மாளுக்கு அண்ணன் மு. வீரமலை அன்பளிப்பு'.

அடியில் அம்மாவின் கல்யாணப் புடவை. அதற்கும் கீழே இன்னொரு கவர். அதற்குள் நான்காக மடித்த ஒரு செய்தித்தாளும், அதோடு குத்தி வைத்த ஒரு மஞ்சள் அட்டையும் இருந்தன.

குண்டூசி துருப்பிடித்திருந்தது. அட்டையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர். எத்தனையோ ஹால் டிக்கெட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள். எஸ்.எஸ்.எல்.சி., மார்ச் 1975. மு. வேலம்மாள். பதிவு எண் 46218.

செய்தித்தாள் அதே வருஷம் ஜூன் மாதத்தினுடையது. பக்கம் முழுக்க எறும்பு வரிசை மாதிரி எண்கள். எப்போதோ எதையோ சுற்றிக் கசங்கி, பிறகு நீவப்பட்ட தாள். பித்தளையின் பச்சைக் கறை அரை வட்டமாக ஒட்டியிருந்தது. நான்காவது பத்தியில் ஓர் எண்ணைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தது.

46218.

அவள் அட்டையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மேலே தலைப்பை மறுபடி படித்தாள். தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் என்றுதான் இருந்தது.

வட்டத்துக்குப் பக்கத்து ஓரத்தில், அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் பொடியாக எழுதியிருந்தது: '18.9.75 பார்த்தேன்.'

அம்மாவுக்குக் கல்யாணம் அந்த வருஷம் ஆவணியில். அப்படியென்றால் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

"என்னக்கா அது?"

"பழைய பேப்பர்," என்றாள் சுபலட்சுமி. மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காலிப் பெட்டி இப்போது சுலபமாக நகர்ந்தது.

அம்மா ஃபெயில் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மாவே சொல்வாள். வெட்கமோ வருத்தமோ இல்லாமல், ஊர் பெயர் சொல்வது மாதிரி, "நான் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலு" என்பாள். சுபலட்சுமி ஏழாவது படிக்கும்போது பக்கத்துத் தெருவில் பால்வாடி டீச்சர் வேலை காலியாயிற்று. அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். "உன் எஸ்.எஸ்.எல்.சி. புக்க ஊர்லேருந்து வாங்கிட்டு வந்தா, ஃபெயிலுன்னாக்கூட கேட்டுப் பாக்கலாம்," என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அதெல்லாம் எதுக்குங்க, கெடக்கட்டும்," என்று தண்ணீரை வடித்தாள். அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள்.

இன்னொரு காலையும் நினைவுக்கு வந்தது. சுபலட்சுமியின் பத்தாம் வகுப்பு ரிசல்ட். வீரமலை மாமா அதற்கென்றே முந்தின நாள் வந்து தங்கியிருந்தார். "நான் போய்ப் பாத்துட்டு வரேன்," என்று விடிகாலையில் சட்டையை மாட்டினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாண்ணே. நான் போறேன்." அன்று வரை தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள், இருட்டு பிரியுமுன் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வரை நடந்து, பேப்பர் கட்டு வந்து இறங்கும் இடத்திலேயே நின்று வாங்கி, தானே பார்த்து, தானே வந்து சொன்னாள். மாமா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது சுபலட்சுமிக்குச் சிரிப்பாக இருந்தது.

ஒன்பதரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அம்மாவை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா இன்னும் சிறியவளாகத் தெரிந்தாள். நெற்றியில் பானுமதி வைத்த திருநீறு. சந்துக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து சுபலட்சுமியோடு வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள். அவள் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள். மாலைகளை வாங்கிச் சாத்தினாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை.

வீரமலை மாமா பதினொன்றரைக்கு வந்தார். முசிறியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. எழுபத்தாறு வயது. ஒரு கையில் ரோஜா மாலை, மறு கையில் ஜவுளிக்கடைப் பையில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. அவர் மனைவி படுத்த படுக்கையாக இருப்பதால் தனியாகத்தான் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய்க் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

"எந்திரி புள்ள," என்றார். "அண்ணன் வந்திருக்கேன் பாரு."

பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். சிறிது நேரம் கழித்து யாரோ அவருக்கு நாற்காலி போட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் பொதுவாகச் சொன்னார்: "எங்கப்பா போனப்ப இதுக்குப் பதினஞ்சு வயசு. நான்தான் வளத்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த என்னைய எதுத்துப் பேசினதில்ல என் தங்கச்சி. ஒரு வார்த்த..."

சுபலட்சுமி எழுந்தாள்.

"மாமா, கொஞ்சம் கொல்லப்பக்கம் வாங்க."

"என்ன பாப்பா?"

"வாங்களேன்."

கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிக் காலையில் கொண்டுவந்து கொட்டிய சாமான்கள் குவிந்திருந்தன. மாமா ஸ்டவ்வையும் பேப்பர் கட்டுகளையும் தாண்டி வந்து கல்லின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் பையைத் திறந்து தாளை எடுத்து அவர் மடியில் விரித்தாள்.

"இது என்னன்னு தெரியுதா மாமா?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலியே பாப்பா, அவசரத்துல..." தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தூரக் கொண்டுபோனார். வெறும் எண்களாக இருப்பது தெரிந்ததும் கை அப்படியே நின்றது. தாளை மெதுவாக மடியில் இறக்கினார்.

"நாப்பத்தாறாயிரத்து எரநூத்திப் பதினெட்டு," என்றார்.

உள்ளே யாரோ புதிதாக வந்திருந்தார்கள் போல, அழுகை ஒருமுறை உயர்ந்து தணிந்தது.

"பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தேன்," என்றார் மாமா. அவளைப் பார்க்காமல், குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணு தடவ பாத்தேன். இருந்துச்சு. அங்க ஒரு டீக்கட. ஒரு டீ குடிச்சேன். அப்புறம் இன்னொரு டீ குடிச்சேன். வீட்டுக்கு நடந்து போறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்."

"ஏன் மாமா?"

"டீச்சர் டிரெயினிங் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. பாஸுன்னு சொன்னா பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிடுவா. எங்கப்பா இல்ல. வாழையெல்லாம் காத்துல சாஞ்சு கெடக்குது. ஒங்கப்பா வீட்டுல வந்து பாத்துட்டுப் போயி பதில் கேட்டுக்கிட்டு இருக்காங்க. கவர்மெண்டு பஸ்ஸுல வேலை, நல்ல மனுஷன். இந்த எடத்த விட்டா வேற அமையாதுன்னு ஊரே சொல்லுது. எனக்கு வயசு இருவத்தாறு பாப்பா. என்னா தெரியும்?" நிறுத்திக்கொண்டார். "ஒன் நம்பர் இல்ல புள்ளன்னேன். சரிண்ணேன்னா. அவ்வளவுதான் சொன்னா. போயி மாட்டுக்குத் தண்ணி வெச்சா."

"ஸ்கூல்ல எஸ்.எஸ்.எல்.சி. புக் வாங்க அம்மா போகலையா?"

"நான் போய் வாங்கிட்டு வரேன்னு சொன்னேன். போகவே இல்ல."

தாளின் மேல் கையை வைத்துத் தடவினார். "இத அங்கனயே கிழிச்சுப் போட்டிருக்கலாம். மனசு வரல. கொண்டாந்து மச்சுல சொருகி வெச்சேன். கல்யாணத்துக்கப்புறம் தேடினேன், காணும். எங்கம்மா அடுப்புப் பத்தவெச்சிருக்கும்னு நெனச்சேன். இது எப்பிடி இங்க..."

கை பச்சைக் கறையின் மேல் நின்றது. பிறகு நகர்ந்து வட்டத்தின் மேல் நின்றது. தாளை மறுபடி கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். எண் தெரிந்திருக்காது. வட்டம் தெரிந்திருக்கும்.

"இது யாரு போட்டது?"

சுபலட்சுமி பேப்பர் கட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாப்பா. அவ போட்டதா இது?"

அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் அவரைக் கொல்லைக்கு அழைத்து வந்திருந்தாள். இப்போது பார்க்க முடியவில்லை. கன்னத்தில் மூன்று நாள் வெள்ளைத் தாடி. சட்டையின் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவளுடைய காதுகுத்துக்கு அவளை உட்காரவைத்துக்கொண்ட மடி அது.

"நான்தான் மாமா போட்டேன்," என்றாள். "காலையில. சீர்ப் பாத்திரத்துல சுத்தியிருந்துச்சு. அம்மா அதையெல்லாம் வெளிய எடுத்ததே இல்ல, அப்படியே இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன். ஹால் டிக்கெட்ட வெச்சு ஒத்துப் பாத்தேன்."

"அவ பாக்கல."

"பாக்கல."

"அவளுக்குத் தெரியாது."

"தெரியாது மாமா."

அவர் நிம்மதியாக மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"அப்ப ஃபெயிலுன்னு நெனச்சுக்கிட்டேதான் போயிட்டாளா," என்றார்.

அவள் அவர் பக்கம் ஓரடி நகர்ந்தாள்.

"போன வாரம் ஆஸ்பத்திரியில பாத்தனே. சொல்லிப்புடணும்னுதான் வந்தேன். மூக்குல குழாயோட கெடந்தா. என்னைய பாத்துட்டு, சாப்ட்டியாண்ணேன்னு கேட்டா. வாய் வரைக்கும் வந்துச்சு பாப்பா. ஒன் நம்பர் இருந்துச்சு புள்ள, நீ பாஸுதான்னு. நர்ஸம்மா வந்து டைம் ஆச்சுன்னுட்டாங்க. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு..." தோள்கள் குலுங்கின. "அம்பது வருஷம் ஃபெயிலு ஃபெயிலுன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாளே. பாவி நான். தெரியாமயே போயிட்டாளே."

ஹாலில் அத்தனை பேர் நடுவில் அழுதபோது அவர் இப்படி அழவில்லை. இப்போது சத்தமே இல்லை.

சுபலட்சுமி அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தாளை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"இல்ல மாமா. நான் பொய் சொன்னேன்."

அவர் நிமிர்ந்தார்.

"அம்மாதான் போட்டாங்க. இங்க ஓரத்துல எழுதியிருக்காங்க. பதினெட்டு, ஒம்பது, எழுவத்தஞ்சு. பார்த்தேன்னு எழுதியிருக்காங்க."

"என்னா எழுதியிருக்கா?"

"பார்த்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. பிறகு விரல்களை மடித்துத் தேதியை எண்ணிப் பார்த்தார். ஆவணி, புரட்டாசி. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"தீவாளிக்கு மொதல் மொதலா வந்தப்பவே அவளுக்குத் தெரியும்," என்றார்.

"ஆமா மாமா."

"ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தேனே. தெரிஞ்சுக்கிட்டே எனக்கு எல போட்டாளா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். உள்ளேயிருந்து பானுமதி எட்டிப் பார்த்து, "அண்ணி, நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கக் கெளம்பணுமாம். மாமாவக் கூப்புடுறாங்க," என்றாள். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் போனாள்.

மாமா எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. சுபலட்சுமி கை கொடுத்தாள். எழுந்து நின்றதும், "அத எனக்குத் தரியா பாப்பா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "அம்மாது மாமா. எங்கிட்ட இருக்கட்டும்."

"அதுவும் சரிதான்," என்றார்.

மூன்று மணிக்கு அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். பிறந்த வீட்டுக் கோடியைப் போர்த்த மாமாவைக் கூப்பிட்டபோது அவர் புடவையைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரிக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரன் குத்திய ஊசிகள் இருந்தன. சுபலட்சுமி பக்கத்தில் போய் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் அம்மாவின் மேல் புடவையைப் போர்த்தி, காலடியில் கொஞ்சம் இழுத்துவிட்டு, குளிர்காலத்தில் தூங்குகிற பிள்ளைக்குச் செய்வது போலக் கழுத்துவரை ஏற்றிவிட்டார். அழவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆண்கள் கொள்ளிடக்கரைக்குப் போன பிறகு சுபலட்சுமியும் பானுமதியும் வீட்டைக் கழுவினார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் ஹாலின் தரையை முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிவப்பு சிமெண்டில் ஓரமாகக் கறுப்புக் கரை ஓடியது. அம்மா படுக்கும் இடத்தில் மட்டும் பாலிஷ் தேய்ந்து வெளுத்திருந்தது. பானுமதி வாளித் தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு, விளக்குமாற்றைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றாள்.

"பேப்பரையெல்லாம் நாளைக்கே எடைக்குப் போடச் சொல்றாரு ஒங்க தம்பி," என்றாள்.

"நான் ஒருதடவ பாத்துடறேன்," என்றாள் சுபலட்சுமி. "ஒவ்வொண்ணாப் பாக்கணும்."

ஐந்தரைக்கு எல்லோரும் ஈரத் துணியோடு திரும்பினார்கள். எதிர்வீட்டில் இட்லி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மாமாவுக்கு அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்தாள். அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். சுபலட்சுமி அவர் முன்னால் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு இட்லி வைத்தாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு விள்ளல் பிட்டார். அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, இலையை மூடி எழுந்தார்.

"காலையில பால் தெளிக்க வரணும்ல, ராத்திரி இங்கயே இருங்க மாமா," என்றான் ரஞ்சித்.

"ஒங்க அத்தைய யாரு பாக்கறது? மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர் யாரையும் பார்க்காமல் படியிறங்கிச் சந்தில் நடந்தார். சுபலட்சுமி வாசலில் நின்று பார்த்தாள். சந்து முடியும் இடத்தில் மெயின் ரோடும் பஸ் ஸ்டாப்பும் தெரிந்தன. மாமா அங்கே போய்ப் பூக்காரியின் பக்கத்தில் நின்றார்.

சத்திரம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றது. கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் முண்டியடித்து ஏறியது. பஸ் போனபோது மாமா அங்கேயே நின்றிருந்தார். கூட்டம் அதிகம் என்று விட்டிருப்பார். அடுத்த பஸ் பாதி காலியாகத்தான் வந்தது. அதுவும் போயிற்று. மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுபலட்சுமி செருப்பைத் தேடவில்லை. ஈரப் பாதங்களோடு சந்தில் நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். பூக்காரி அவர்களுக்கு இடம்விட்டுக் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"சத்திரம், சத்திரம்," என்றபடி மூன்றாவது பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க மாமா."

அவர் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தார். இன்னொரு காலை எடுக்காமல் நின்றார். "பெரியவரே, ஏறுறதுன்னா ஏறுங்க," என்றார் கண்டக்டர். சுபலட்சுமி அவர் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். பஸ் உறுமிக்கொண்டே நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை.